மித்ஹத் பாஷா: உஸ்மானியரின் முதல் தேர்தலுக்கு வழி சமைத்தவர்

உஸ்மானியப் பேரரசு என்றதும் எம் நினைவுக்கு வருபவர்கள் கொன்ஸ்தாந்திநோபிளை வெற்றிகொண்ட இரண்டாம் முஹம்மத், சட்டம் இயற்றிய சுலைமான், பள்ளிவாசல்களை வடிவமைத்த ஸினான் போன்றோர்தான். இஸ்லாமிய நாகரிகப் பாடத்தில் அவர்களது ஆண்டுகளை மனனம் செய்து பரீட்சையிலும் எழுதிவிடுகிறோம். ஆனால் அதே பேரரசில் ஒரு பொதுத் தேர்தல் நடந்தது என்பதை எம்மில் எத்தனை பேர் அறிந்திருக்கிறோம்? 1877 மார்ச் 19 ஆம் திகதி, இஸ்தான்பூலின் தொல்மாபாஹ்சே மாளிகையின் பெரிய மண்டபத்தில், பக்தாதிலிருந்தும் ஜெரூசலத்திலிருந்தும் பல்கேரியக் கிராமங்களிலிருந்தும் தெரிவாகி வந்த பிரதிநிதிகள் சுல்தானின் முன்னிலையில் ஒன்றுகூடினார்கள். முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் யூதர்களும் ஒரே வரிசையில் நின்றார்கள். முஸ்லிம் உலகின் மிகப் பெரிய பேரரசு அன்று ஒரு பாராளுமன்றத்தைத் திறந்தது.

அந்த மண்டபத்தில் ஒருவர் மட்டும் இருக்கவில்லை. அந்த நாளுக்காக எல்லோரையும் விட அதிகம் உழைத்தவர் அவர். சரியாக ஆறு வாரங்களுக்கு முன்னர் அவரைக் கப்பலில் ஏற்றி நாடு கடத்தியிருந்தார்கள். அவர்தான் அஹ்மத் ஷபீக் மித்ஹத் பாஷா.

காழியின் மகன்

மித்ஹத் பாஷா 1822 ஒக்டோபர் மாதம் இஸ்தான்பூலில் பிறந்தார். இன்று பல்கேரியாவில் ருசே என்று அழைக்கப்படும் ரூஸ்சுக் நகரமே அவரது தந்தையின் பூர்வீகம். தந்தை காழியாகப் பணியாற்றியதால் குடும்பம் ஊர் ஊராக இடம்பெயர்ந்து வாழ்ந்தது. மகன் பத்து வயதிலேயே அல்குர்ஆனை மனனம் செய்து ஹாபிழ் ஆனார். பெற்றோர் இட்ட பெயர் அஹ்மத் ஷபீக். அரச செயலகத்தில் எழுதுவினைஞராகச் சேர்ந்தபோது அங்கிருந்த வழக்கப்படி அவருக்குச் சூட்டப்பட்ட பெயரே மித்ஹத். புகழ்ச்சி என்பது அதன் பொருள். பிற்காலத்தில் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

இளம் வயதில் திமிஷ்க், கொன்யா, கஸ்தமோனு முதலிய நகரங்களில் சிறு பதவிகளில் இருந்தார். மாகாணங்களில் மக்கள் படும் பாட்டை நேரில் கண்டார். வரி அறவிடும் உரிமையைக் குத்தகைக்கு எடுத்தவர்கள் கமக்காரரைப் பிழிந்தெடுத்தார்கள். கடன் தேவைப்பட்டவன் வட்டிக்காரனிடம் போய் நிலத்தை இழந்தான். ஆட்சியாளர் வருவார், கொஞ்ச நாளில் மாற்றப்படுவார், புதியவர் வருவார். மக்களின் நிலை மட்டும் மாறாது. 1858 இல் ஆறு மாத விடுமுறை எடுத்து பாரிஸ், லண்டன், வியன்னா, பிரசல்ஸ் நகரங்களைச் சுற்றிப் பார்த்தார். முப்பத்தைந்து வயதைத் தொட்ட பின்னரே பிரெஞ்சு மொழியைக் கற்கத் தொடங்கினார். வேலைக்குப் போன பின்னும் மாணவராகவே இருந்தவர் என்று அவரைச் சொல்லலாம்.

மாகாணங்களில் செய்த பணி

1861 இல் நிஷ் மாகாணத்தின் ஆளுநராக நியமிக்கப்பட்டார். இன்று சேர்பியாவில் உள்ள அந்தப் பகுதி அப்போது கொள்ளையரின் கூடாரமாக இருந்தது. முஸ்லிம்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் இடையில் பகையும் இருந்தது. மித்ஹத் பாஷா முதலில் செய்த காரியம் இரு தரப்பு ஊர்ப் பெரியவர்களையும் அழைத்து, அவர்களது முறைப்பாடுகளைக் கேட்டதாகும். பாதைகள் போட்டார், பாலங்கள் கட்டினார், காவல் நிலையங்களை அமைத்தார். தெருவில் திரிந்த அநாதைச் சிறுவர்களுக்காகத் தொழிற்பாடசாலை ஒன்றைத் திறந்தார். அதில் இரு சமயத்துப் பிள்ளைகளும் சேர்ந்து எழுத்தும் கைத்தொழிலும் கற்றார்கள்.

1863 இல் பிரோத் என்ற ஊரில் அவர் தொடங்கிய ஒரு சிறு முயற்சி இன்றும் நிலைத்திருக்கிறது. ஊரார் சேர்ந்து பொது நிலத்தில் பயிரிட்டு, விளைச்சலை விற்ற பணத்தை ஒரு பொதுப் பெட்டகத்தில் இட்டார்கள். அதிலிருந்து கமக்காரருக்குக் குறைந்த செலவில் கடன் வழங்கப்பட்டது. நிருவகித்தவர்கள் ஊராரே தெரிவு செய்த முஸ்லிம், கிறிஸ்தவப் பிரதிநிதிகள். இந்தப் பெட்டகங்கள் பேரரசு முழுவதும் பரவின. துருக்கியின் விவசாய வங்கியான ஸிராஅத் வங்கி தன் தொடக்கமாக இந்த 1863 ஆம் ஆண்டையே குறிப்பிடுகிறது.

அவரது வெற்றியைக் கண்ட அரசு, 1864 இல் புதிய மாகாணச் சட்டத்தை இயற்றி, முதன்முதலில் தன்யூப் மாகாணத்தில் அதைப் பரீட்சித்துப் பார்க்கும் பொறுப்பை அவரிடமே ஒப்படைத்தது. தந்தையின் ஊரான ரூஸ்சுக் நகரம் அதன் தலைநகர். அங்கு பாடசாலைகளும் அச்சகமும் எழுந்தன. துருக்கி மொழியிலும் பல்கேரிய மொழியிலும் ஒரு பத்திரிகை வெளிவந்தது. அநாதைச் சிறுமிகளுக்கென்று தனியாக ஒரு தொழிற்பாடசாலையும் அமைந்தது. பெண் பிள்ளைகளுக்குக் கைத்தொழில் கற்பிக்க அரச பணத்தைச் செலவிடலாம் என்று எண்ணுவதே அக்காலத்தில் புதுமையாகும்.

எனினும் இந்தக் கட்டுரைக்கு மிக முக்கியமானது அங்கு உருவான நிருவாக சபைகளே. கிராமம், பிரதேசம், மாவட்டம், மாகாணம் எனப் படிப்படியாகச் சபைகள் அமைந்தன. அவற்றில் அரச உத்தியோகத்தரோடு மக்கள் சார்பில் தெரிவான முஸ்லிம்களும் முஸ்லிம் அல்லாதோரும் இருந்தார்கள். வரி எப்படிப் பகிரப்படும், எந்தப் பாதை முதலில் போடப்படும் என்பதையெல்லாம் அவர்கள் ஒரே மேசையில் இருந்து பேசினார்கள். பன்னிரண்டு ஆண்டுகளின் பின் ஒரு பேரரசுத் தேர்தலை அவசரமாக நடத்த வேண்டி வந்தபோது இந்தச் சபைகளே கைகொடுத்தன.

1869 முதல் 1872 வரை பக்தாதின் ஆளுநராக இருந்தார். ஈராக்கின் முதல் பத்திரிகையான அஸ்ஸவ்ரா அவரது காலத்தில்தான் வெளிவந்தது. பக்தாதையும் காழிமிய்யாவையும் இணைத்துக் குதிரைகள் இழுக்கும் டிராம் வண்டி ஓடியது. கைத்தொழிற் பாடசாலையும் திறக்கப்பட்டது. எல்லாமே நன்றாக முடிந்தன என்றும் சொல்ல முடியாது. பக்தாதின் பழைமையான மதில்களை அவர் இடிப்பித்தார். அந்த இழப்பை வரலாற்றாசிரியர்கள் இன்றும் குறை கூறுகிறார்கள். அவசரக்காரர், பிடிவாதக்காரர், பிறர் சொல்லைப் பொறுமையாகக் கேளாதவர் என்ற பெயரும் அவருக்கு இருந்தது.

மூன்று சுல்தான்களைக் கண்ட ஆண்டு

1872 இல் சுல்தான் அப்துல் அஸீஸ் அவரை ஸத்ரே அஃழம், அதாவது பிரதம அமைச்சர் ஆக்கினார். அரண்மனைச் செலவுகளைக் கேள்வி கேட்ட அவரால் மூன்று மாதங்கள்கூட அப்பதவியில் நிலைக்க முடியவில்லை. பேரரசின் நிலையோ நாளுக்கு நாள் மோசமடைந்தது. ஐரோப்பிய வங்கிகளிடம் வாங்கிய கடனுக்கு வட்டி கட்டவும் பணமில்லாமல், 1875 ஒக்டோபரில் வட்டியில் பாதியையே பணமாகச் செலுத்த முடியும் என்று அரசு அறிவித்தது. அதே ஆண்டு ஹெர்ஸகோவினாவிலும் அடுத்த ஆண்டு பல்கேரியாவிலும் கிளர்ச்சிகள் வெடித்தன. ரஷ்யா போருக்குக் காரணம் தேடிக் கொண்டிருந்தது.

1876 மே மாதம் இஸ்தான்பூலின் மத்ரஸா மாணவர்கள் வீதியில் இறங்கினார்கள். மே 30 ஆம் திகதி ஷெய்குல் இஸ்லாமின் பத்வாவோடு அப்துல் அஸீஸ் பதவி நீக்கப்பட்டார். அந்தத் திட்டத்தில் மித்ஹத் பாஷாவும் ஒருவர். சில நாட்களில், ஜூன் 4 ஆம் திகதி, முன்னாள் சுல்தான் மணிக்கட்டு நரம்புகள் அறுபட்ட நிலையில் இறந்து கிடந்தார். பரிசோதித்த வைத்தியர்கள் அது தற்கொலை என்றே கூறினார்கள். இந்த மரணம் பிற்காலத்தில் மித்ஹத் பாஷாவின் தலைமேல் இடியாக இறங்கப் போகிறது என்பதை அப்போது யாரும் அறியவில்லை.

அடுத்து வந்த ஐந்தாம் முராத் மனநோய்க்கு ஆளானார். மூன்று மாதங்களில் அவரும் விலக்கப்பட்டார். ஆகஸ்ட் 31 ஆம் திகதி 33 வயதான இரண்டாம் அப்துல் ஹமீத் அரியணை ஏறினார். அரசியலமைப்பு ஒன்றைப் பிரகடனம் செய்வதாக அவர் முன்கூட்டியே மித்ஹத் பாஷாவுக்கு வாக்களித்திருந்தார்.

113 ஆம் உறுப்புரை

அரசியலமைப்பை வரைய ஒரு குழு அமைந்தது. உலமாக்கள், உயர் அதிகாரிகள், கிறிஸ்தவ உத்தியோகத்தர், எழுத்தாளர் நாமிக் கமால், ஸியா பாஷா ஆகியோர் அதில் இருந்தார்கள். வெளியே காரசாரமான விவாதம் நடந்தது. முஸ்லிம் அல்லாதோரும் அமரும் சபை ஒன்று ஷரீஆவுக்கு ஒத்துவருமா என்று சிலர் கேட்டார்கள். ஷூரா என்னும் கலந்தாலோசனை அல்குர்ஆன் காட்டிய வழி, ஆட்சியாளன் தன்னிச்சையாக நடப்பதே அதற்கு முரணானது என்று நாமிக் கமால் போன்றோர் பதில் எழுதினார்கள். மேற்கிலிருந்து இரவல் வாங்கிய பொருளாக அல்லாமல், தமது மார்க்கத்தின் வேரிலிருந்து முளைத்த ஒன்றாகவே அவர்கள் பாராளுமன்றத்தைக் கண்டார்கள்.

வரைவு சுல்தானின் கைக்குச் சென்றது. திரும்பி வந்தபோது 113 ஆம் உறுப்புரையில் ஒரு வாசகம் சேர்ந்திருந்தது. பொலிஸ் விசாரணையின்படி அரசின் பாதுகாப்புக்குப் பங்கம் விளைவிப்பவர் என்று கருதப்படும் எவரையும் நாடு கடத்தும் உரிமை சுல்தானுக்கு மட்டும் உண்டு என்பதே அது. வழக்கும் இல்லை, தீர்ப்பும் இல்லை. நாமிக் கமாலும் ஸியா பாஷாவும் கடுமையாக எதிர்த்தார்கள். இந்த வாசகம் இருந்தால் மற்ற உரிமைகளுக்கு என்ன பெறுமதி என்பது அவர்களது கேள்வி.

மித்ஹத் பாஷா இணங்கினார். அதற்கு ஒரு காரணம் இருந்தது. பேரரசின் கிறிஸ்தவ மாகாணங்களுக்கு என்ன செய்வது என்று தீர்மானிக்க ஆறு ஐரோப்பிய வல்லரசுகளின் தூதுவர்கள் இஸ்தான்பூலில் கூடவிருந்தார்கள். அதற்கு முன் அரசியலமைப்பு பிரகடனமாக வேண்டும், தம் நாட்டைத் தாமே திருத்திக்கொள்ள முடியும் என்று உலகுக்குக் காட்ட வேண்டும் என்று அவர் துடித்தார். ஒரு வாசகத்துக்காக முழுவதையும் இழப்பதா என்று எண்ணியிருக்கலாம்.

1876 டிசம்பர் 19 ஆம் திகதி அவர் மீண்டும் பிரதம அமைச்சரானார். டிசம்பர் 23 ஆம் திகதி, 119 உறுப்புரைகளைக் கொண்ட அரசியலமைப்பு கொட்டும் மழையில் மக்கள் முன்னிலையில் பிரகடனம் செய்யப்பட்டது. பீரங்கிகள் முழங்கின. அதே நேரத்தில் மாநாட்டில் அமர்ந்திருந்த தூதுவர்களின் காதுகளிலும் அந்த ஒலி விழுந்தது. எனினும் அவர்கள் தமது கோரிக்கைகளைக் கைவிடவில்லை. உஸ்மானியர் அவற்றை நிராகரிக்க, மாநாடு முறிந்தது.

மாநாடு கலைந்ததும் சுல்தானுக்கு மித்ஹத் பாஷாவின் தேவையும் குறைந்தது. 1877 பெப்ரவரி 5 ஆம் திகதி அவர் மாளிகைக்கு அழைக்கப்பட்டார். பதவி முத்திரை பறிக்கப்பட்டது. இஸ்ஸத்தீன் என்ற கப்பலில் ஏற்றி இத்தாலிக்கு அனுப்பி வைத்தார்கள். அதற்குக் காட்டிய சட்டம் 113 ஆம் உறுப்புரை. அந்த வாசகத்தின்படி முதலில் நாடு கடத்தப்பட்ட பெரும் தலைவர் அதற்கு இணங்கியவரேதான்.

அவர் காணாத தேர்தல்

ஆனால் தேர்தல் நிற்கவில்லை. முறையான தேர்தல் சட்டம் இயற்ற நேரமில்லாததால் தற்காலிக விதிகளின்படி அது நடந்தது. மாகாணங்களில் ஏற்கெனவே மக்கள் சார்பில் தெரிவாகியிருந்த நிருவாக சபை உறுப்பினர்களே வாக்காளர்கள். அதாவது தன்யூப் மாகாணத்தில் மித்ஹத் பாஷா நாட்டி வளர்த்த சபைகளே இப்போது பாராளுமன்றத்துக்கு ஆள் அனுப்பின. இஸ்தான்பூலுக்கு வேறு முறை. நகரம் 20 வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொரு வட்டாரத்திலும் சொத்துள்ள ஆண்கள் இருவரைத் தெரிவு செய்தார்கள். அந்த 40 பேரும் கூடி ஐந்து முஸ்லிம்களையும் ஐந்து முஸ்லிம் அல்லாதோரையும் உறுப்பினர்களாகத் தெரிந்தார்கள். முழுச் சபைக்கும் ஒதுக்கப்பட்ட ஆசனங்கள் 130. அதில் 80 முஸ்லிம்களுக்கு, 50 ஏனையோருக்கு.

இன்றைய கண்ணோடு பார்த்தால் குறைகள் நிறைய உண்டு. நேரடி வாக்கு இல்லை. ஏழைகளுக்கு வாக்கு இல்லை. பெண்களுக்கோ அந்தப் பேச்சே இல்லை. மேல்சபை முழுவதும் சுல்தானின் நியமனம். இருந்தாலும் அதே காலத்தில் ரஷ்யப் பேரரசில் பாராளுமன்றமே கிடையாது என்பதையும், பிரித்தானியாவில்கூடப் பெண்களுக்கும் ஆண்களில் பெரும் பகுதியினருக்கும் வாக்கு இருக்கவில்லை என்பதையும் மறந்துவிடக் கூடாது.

தெரிவாகி வந்தவர்கள் தலையாட்டிப் பொம்மைகளாக இருப்பார்கள் என்று பலரும் எதிர்பார்த்தார்கள். நடந்தது அதற்கு எதிர்மாறு. சபாநாயகராகச் சுல்தான் நியமித்த அஹ்மத் வெபீக் பாஷா உறுப்பினர்களை அதட்டி அடக்கப் பார்த்தார். அவர்களோ எழுந்து எழுந்து பேசினார்கள். பத்திரிகைச் சட்டம், மாகாணச் சட்டம், வரவு செலவுத் திட்டம் ஆகியவற்றை ஒவ்வொரு வரியாக ஆராய்ந்தார்கள். தம் ஊரில் வரி அறவிடும் முறை, இலஞ்சம், பாதையில்லாத கிராமங்கள் பற்றியெல்லாம் சொன்னார்கள். சமயத்தால் பிரிந்து நிற்பார்கள் என்ற எதிர்பார்ப்பும் பொய்த்தது. அலெப்போ முஸ்லிமும் ஆர்மீனியக் கிறிஸ்தவரும் ஒரே ஊழலை ஒரே குரலில் கண்டித்தார்கள். ஜெரூசலத்தின் முன்னாள் நகரபிதா யூசுப் ழியா அல்காலிதி அமைச்சர்களுக்கு அஞ்சாமல் கேள்வி தொடுத்து எல்லோரது கவனத்தையும் ஈர்த்தார்.

1877 ஏப்ரல் 24 ஆம் திகதி ரஷ்யா போர் தொடுத்தது. பிளெவ்னாக் கோட்டையை உஸ்மான் பாஷா ஐந்து மாதங்கள் காத்து நின்றும் டிசம்பர் 10 இல் அது வீழ்ந்தது. அதற்குச் சில நாட்களின் பின் இரண்டாம் தேர்தலில் தெரிவான சபை கூடியது. இம்முறை உறுப்பினர்கள் தளபதிகளின் தவறுகளையும் அமைச்சர்களின் அலட்சியத்தையும் நேரடியாகக் கேட்டார்கள். ரஷ்யப் படை இஸ்தான்பூலின் வாசலை நெருங்கியது.

1878 பெப்ரவரி 13 ஆம் திகதி சுல்தான் ஆலோசனைக் கூட்டம் ஒன்றைக் கூட்டினார். அதில் இஸ்தான்பூல் உறுப்பினரும் துணி வேலை செய்வோர் சங்கத்தின் தலைவருமான அஹ்மத் எபெந்தி என்பவர் எழுந்தார். காரியம் கைமீறிய பிறகு ஆலோசனை கேட்கிறீர்கள், தடுக்கக்கூடிய நேரத்தில் எம்மைக் கேட்கவில்லை, எமக்குத் தெரியாமல் நடந்தவற்றுக்கு இந்தச் சபை பொறுப்பேற்காது என்ற கருத்தைச் சுல்தானின் முகத்துக்கு நேரே சொன்னார். பாஷா அல்லர், படித்த மேதையும் அல்லர், சாதாரண கைத்தொழிலாளர்களின் தலைவர். மறுநாள் பாராளுமன்றம் மூடப்பட்டது. துணிந்து பேசிய உறுப்பினர்கள் சிலர் ஊருக்குத் திரும்பும்படி பணிக்கப்பட்டார்கள். அரசியலமைப்பு நீக்கப்படவில்லை, ஆண்டுதோறும் அரச ஆண்டு நூலில் அச்சிடப்பட்டது. ஆனால் முப்பது ஆண்டுகளுக்குப் பாராளுமன்றம் கூட்டப்படவில்லை.

இந்த இடத்தில் சுல்தான் அப்துல் ஹமீத் குறித்தும் நீதியாகப் பேச வேண்டும். பலஸ்தீன விடயத்தில் அவர் காட்டிய உறுதிக்காகவும், சிதறிய பேரரசை முப்பது ஆண்டுகள் கட்டிக் காத்தமைக்காகவும் முஸ்லிம்கள் பலர் அவரை நேசிக்கிறார்கள். அவர் ஏராளமான பாடசாலைகளையும் திறந்தார். ஒரே ஆண்டில் இரண்டு சுல்தான்களைப் பதவி நீக்கியவர்களில் ஒருவர் அருகிலேயே இருக்கும்போது, புதிய சுல்தான் அச்சம் கொண்டதில் வியப்பில்லை. ஆனால் அந்த அச்சத்துக்கு மருந்தாக அவர் தேர்ந்தெடுத்தது எல்லோரது வாயையும் மூடுவதை. இருவரும் பேரரசைக் காக்கவே விரும்பினார்கள். ஒருவர் மக்களின் சபையால் காக்க நினைத்தார், மற்றவர் தன் ஒருவரின் கையால் காக்க நினைத்தார்.

திமிஷ்க், இஸ்மிர், தாயிப்

ஐரோப்பாவில் அலைந்த மித்ஹத் பாஷாவுக்கு 1878 இல் நாடு திரும்ப அனுமதி கிடைத்தது. தலைநகருக்கு அல்ல, சிரியாவின் ஆளுநராக. அங்கும் அவர் சும்மா இருக்கவில்லை. திமிஷ்கில் அவர் விரிவுபடுத்திய கடைவீதி இன்றும் ஸூக் மித்ஹத் பாஷா என்றே அழைக்கப்படுகிறது. பெய்ரூத்தில் முஸ்லிம்கள் 1878 இல் தொடங்கியிருந்த மகாஸித் சங்கத்துக்கு ஊக்கமளித்தார். அந்தச் சங்கம் தன் பணியை முஸ்லிம் பெண் பிள்ளைகளுக்கான பாடசாலையோடு ஆரம்பித்தது என்பது எம் போன்ற மாணவிகள் நினைவில் கொள்ள வேண்டிய செய்தி.

1880 இல் இஸ்மிருக்கு மாற்றப்பட்டார். 1881 மே மாதம் ஓர் இரவில் படையினர் அவரது வீட்டைச் சுற்றி வளைத்தார்கள். பின்வழியாகத் தப்பிப் பிரெஞ்சுத் துணைத் தூதரகத்தில் தஞ்சம் புகுந்தார். பின்னர் நியாயமான விசாரணை கிடைக்கும் என்ற நம்பிக்கையில் சரணடைந்தார். சுல்தான் அப்துல் அஸீஸைக் கொலை செய்வித்தார் என்பது குற்றச்சாட்டு. யில்திஸ் மாளிகைக்கு அருகில் கூடாரம் அடித்து, ஜூன் மாதத்தில் மூன்றே நாட்களில் வழக்கை முடித்தார்கள். மரணதண்டனை விதிக்கப்பட்டது. வெளிநாடுகளிலிருந்து எழுந்த எதிர்ப்பினாலும் அது ஆயுட்காலச் சிறையாகக் குறைக்கப்பட்டது. அவரும் உடன் தண்டிக்கப்பட்டவர்களும் மக்காவுக்கு அருகிலுள்ள தாயிப் கோட்டைக்கு அனுப்பப்பட்டார்கள்.

1883 ஜனவரியில் எகிப்தின் அஹ்மத் உராபி பாஷா கைதியாக எமது இலங்கையில் வந்திறங்கினார். அவரும் மக்கள் சபையும் அரசியலமைப்பும் வேண்டும் என்று போராடியவரே. அவர் கொழும்பில் குடியேறிய அதே நாட்களில் மித்ஹத் பாஷா தாயிப் கோட்டையின் அறையில் இருந்தார். உராபி பாஷா பதினெட்டு ஆண்டுகளின் பின் தாயகம் திரும்பினார். மித்ஹத் பாஷாவுக்கு அந்தப் பாக்கியம் கிட்டவில்லை. 1884 மே மாதம் ஓர் இரவில் சிறை அறையிலேயே அவர் கழுத்து நெரித்துக் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 61.

எஞ்சியது என்ன?

1908 ஜூலையில் இளம் துருக்கியரின் எழுச்சியால் சுல்தான் அப்துல் ஹமீத் அதே 1876 அரசியலமைப்பை மீண்டும் நடைமுறைப்படுத்தினார். அவ்வாண்டு இறுதியில் தேர்தல் நடந்தது, டிசம்பரில் பாராளுமன்றம் கூடியது. அடுத்த ஆண்டு அரசியலமைப்பு திருத்தப்பட்டபோது, நாடு கடத்தும் அந்த வாசகம் 113 ஆம் உறுப்புரையிலிருந்து நீக்கப்பட்டது. 1951 இல் மித்ஹத் பாஷாவின் எச்சங்கள் தாயிபிலிருந்து இஸ்தான்பூலுக்குக் கொண்டுவரப்பட்டு, சுதந்திரத்துக்காக உயிர்நீத்தோரின் நினைவிடத்தில் அடக்கம் செய்யப்பட்டன.

அவரது வாழ்க்கையிலிருந்து உயர்தரத்தில் அரசியல் விஞ்ஞானம் கற்கும் எமக்கு இரண்டு விடயங்கள் தெளிவாகின்றன. முதலாவது, 113 ஆம் உறுப்புரை. மற்ற 118 உறுப்புரைகளும் கொடுத்ததை அந்த ஒரே வாசகம் பறித்துக்கொண்டது. ஆகவே ஒரு சட்டத்தில் எத்தனை உரிமைகள் எழுதப்பட்டுள்ளன என்று எண்ணுவதோடு நின்றுவிடாமல், அவற்றைப் பறிக்கும் அதிகாரம் எந்த மூலையில் எழுதப்பட்டுள்ளது என்றும் தேடிப் பார்க்க வேண்டும். பின்னர் திருத்திக்கொள்ளலாம் என்று விட்டுக்கொடுத்த மித்ஹத் பாஷாவுக்கு அந்தப் பின்னர் வரவேயில்லை.

இரண்டாவது, அவர் கப்பலேறிய பின்னும் தேர்தல் நடந்தது என்பது. அது அவரது பதவியில் தங்கியிருந்தால் அன்றே நின்றிருக்கும். ஊர்ச் சபைகளில் பேசிப் பழகிய மக்கள் இருந்தபடியால் நடந்தது. பிரோத்தில் பொதுப் பெட்டகத்தின் கணக்கைப் பார்த்தவர்களும் ரூஸ்சுக்கில் பாதைக்காக வாதிட்டவர்களும் முதலில் உருவானார்கள். பாராளுமன்றம் பின்னர் வந்தது. அரண்மனையில் அன்று எழுந்து நின்ற அஹ்மத் எபெந்தியும் தன் தொழிலாளர் சங்கத்தில் பேசிப் பழகியவரே. எமது வகுப்பறைகளிலும் மாணவர் மன்றங்களிலும் கணக்கு வாசிப்பதும், ஆட்சேபனை தெரிவிப்பதும், கை உயர்த்தி வாக்களிப்பதும் வெறும் சம்பிரதாயம் என்று நினைத்துவிட வேண்டாம். அடுத்த ஆண்டு எம்மில் பலரது பெயர் வாக்காளர் இடாப்பில் ஏறப்போகிறது. 1877 இல் எந்தப் பெண்ணுக்கும் கிடைக்காத அந்தச் சீட்டு எம் கைக்கு வரும்போது, அதற்கு முன்பே பேசிப் பழகியிருக்க வேண்டும்.

எல்லாம் வல்ல அல்லாஹ் அன்னாரின் நற்பணிகளை ஏற்று, பிழைகளைப் பொறுத்தருள்வானாக.